சில நாள் மட்டும் எழாத பாதுகாப்புச் சேவை

மடிக்கணினியை இயக்கியதும் சில நாள் வைரஸ் தடுப்பு மென்பொருளின் கேடயச் சின்னம் பச்சையாக இருக்கும். சில நாள் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருக்கும். திரைக்குப் பின்னால் ஓடும் ‘சேவை’ நிரல்களைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, அந்த மென்பொருளின் சேவையின்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடத் தொடங்கிவிடும். அதன்பிறகு அன்று முழுவதும் குறை எதுவும் இராது. விண்டோஸ் 10, பழைய வன்தட்டை எடுத்துவிட்டு அண்மையில் பொருத்திய எஸ்எஸ்டி, சந்தா கட்டிப் பயன்படுத்தும் வைரஸ் தடுப்பு: இவ்வளவுதான் பின்னணி. எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பது இங்கே தேவையில்லை. பழுது அதனுடையதும் அல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

கையால் இயக்கினால் ஓடுகிறதே, விட்டுவிடலாமே என்று தோன்றலாம். அச்சுப்பொறிக்கான சேவையாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். பாதுகாப்புச் சேவை படுத்துக் கிடப்பதை நாம் கவனிக்கும்வரை, திறக்கும் ஒவ்வொரு கோப்பும் சோதனை இல்லாமலே திறக்கிறது. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டராவது கை கொடுக்குமா என்றால், வேறொரு வைரஸ் தடுப்பு பதிவாகியிருக்கும்போது அது ஒதுங்கிக்கொள்ளும்; இந்தக் கணினியிலும் ஒதுங்கியே இருந்தது. புதிய காவலாளி வேலைக்கு வரவில்லை, பழையவரோ விடுப்பில் இருக்கிறார்.

தயாரிப்பாளரின் உதவி மையம் முதல் கடிதத்திலேயே “நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்” என்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எப்போதும் வரும் பழுது என்றால், மறுபடி நிறுவிய உடனே அது போயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும். எப்போதாவது வரும் பழுதில் அந்த வசதி கிடையாது. நிறுவியபின் நான்கு நாள் ஒழுங்காக ஓடினால் சரியாகிவிட்டது என்று பொருளா, அல்லது அந்த நான்கு நாளும் நல்ல நாளா? அதற்குள் பழைய பதிவுகளும் அமைப்புகளும் அழிந்து, துப்பறிய ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால் ஒரு கொள்கை வைத்துக்கொண்டேன்: இந்தப் பழுதை நினைத்த நேரத்தில் வரவழைக்கத் தெரியும்வரை எதையும் சரிசெய்வதில்லை.

பதிவேட்டில் இருந்தது

விண்டோஸ் குறித்து வைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவைத் திறந்து, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் எழுதியவற்றை மட்டும் வடிகட்டினேன். சேவை எழாத நாள்களில் எல்லாம் அதே இணை: முதலில் 7009-ஆம் எண் நிகழ்வு, அடுத்து 7000. முதலாவது, சேவை தன்னோடு தொடர்பு கொள்ளும் என்று 30000 மில்லிநொடி காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது என்கிறது. இரண்டாவது, ஆகவே சேவையைத் தொடங்க முடியவில்லை என்கிறது. கூடவே 1053 என்ற பிழை எண்.

பலர் இந்த இரண்டையும் “சேவை மெதுவாக இருக்கிறது” என்று மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 7009 அதைவிடத் துல்லியமாகப் பேசுகிறது. விண்டோஸ் ஒரு சேவையைத் தொடங்கும்போது முதலில் அதன் நிரலை இயக்குகிறது. அந்த நிரல் எழுந்ததும் செய்யவேண்டிய முதல் காரியம், “வந்துவிட்டேன்” என்று சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜருக்குத் தெரிவிப்பது. அதற்கு இயல்பாகக் கொடுக்கப்படும் கெடு 30 நொடி. தெரிவித்தபிறகு சேவை தன் உள்வேலைகளை, அதாவது வைரஸ் அடையாளத் தொகுப்பைப் படிப்பது போன்றவற்றை, “இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்” என்று கேட்டுக்கொண்டு பொறுமையாகச் செய்யலாம். அந்தக் கட்டத்தில் சிக்கிக்கொண்டால் வருவது 7022. தான் சார்ந்திருக்கும் இன்னொரு சேவை எழாமல் போனால் 7001. ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று செத்தால் 7031 அல்லது 7034. இவற்றில் ஒன்றுகூட என் பதிவில் இல்லை.

ஆக நிரல் இயக்கப்பட்டது. ஆனால் வாசலில் பெயர் கொடுக்கும் முன்பே 30 நொடி கரைந்துவிட்டது. அந்த நேரத்தில் நிரல் செய்துகொண்டிருந்திருக்கக்கூடிய வேலை மிகக் குறைவு: தனக்கு வேண்டிய டிஎல்எல் கோப்புகளை, அதாவது துணை நிரல் துண்டுகளை, வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றுவது. எஸ்எஸ்டியில் அதற்கு ஒரு நொடியே அதிகம். அடையாளத் தொகுப்பு பெரிதாகிவிட்டது, கணினியில் நினைவகம் போதவில்லை என்பன போன்ற ஊகங்கள் எல்லாம் இந்த ஒரு எண்ணால் அடிபட்டுப் போயின.

எந்தத் தொடக்கம்?

அடுத்த கேள்வி, நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் என்ன வித்தியாசம் என்பது. இங்கே உதவியது யாரும் அதிகம் பேசாத ஒரு பதிவு. கெர்னல்-பூட் என்ற பெயரில், நிகழ்வு எண் 27 என்று, ஒவ்வொரு தொடக்கத்தின் வகையையும் விண்டோஸ் குறித்து வைக்கிறது. வகை 0 என்றால் முழுமையான புதுத் தொடக்கம். 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2 என்றால் ஹைபர்னேஷனிலிருந்து மீண்டது.

விண்டோஸ் 8 காலம்தொட்டு, இந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் அது முழுவதுமாக அணைவதில்லை. பயனரின் நிரல்கள் மூடப்படுகின்றன. ஆனால் விண்டோஸின் மையக்கருவான கெர்னலும், அதனுடன் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளும் அப்படியே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் திரும்ப ஏற்றப்படுகின்றன. அதாவது நேற்று ஓடிக்கொண்டிருந்த சேவை இன்று புதிதாகத் தொடங்கப்படுவதே இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் அடியிலிருந்து எழும். அணைத்து இயக்கினால் புதிதாகத் தொடங்கும், ரீஸ்டார்ட் என்பது அரைகுறை என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். சந்தேகம் இருந்தால், இரவு அணைத்த கணினியைக் காலையில் இயக்கி டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ எவ்வளவு என்று பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் அது நாள் கணக்கில் இருக்கும்.

27-ஆம் எண் நிகழ்வுகளை ஒரு பக்கமும், 7009-களை ஒரு பக்கமும் தேதிவாரியாக வைத்துப் பார்த்தேன். சேவை எழாத தொடக்கங்கள் அனைத்தும் வகை 0. வகை 1 ஒன்றில்கூடப் பழுது இல்லை; இருக்கவும் முடியாது, ஏனெனில் அங்கே தொடக்கமே நடக்கவில்லை. பாதி மர்மம் இதிலேயே அவிழ்ந்துவிட்டது. ஆனால் பாதிதான். வகை 0 தொடக்கங்களிலேயே பல நல்லபடியாக முடிந்திருந்தன.

இதற்குமேல் சோதனைக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இடைஞ்சல் என்பதால் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை அணைத்தேன். இனி ஒவ்வொரு தொடக்கமும் உண்மையான தொடக்கம்.

தவறான திசைகள்

சார்பு சேவைகளைச் சரிபார்த்தேன். ஆர்பிசி, பேஸ் ஃபில்டரிங் எஞ்சின் இரண்டும் ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு எழுந்திருந்தன. 7001 இல்லை என்பதிலிருந்தே தெரிந்த விஷயம்தான்.

கொஞ்சம் நம்பிக்கையோடு துரத்தியது சான்றிதழ்ச் சோதனை. டிஜிட்டல் கையொப்பமிட்ட நிரல் தொடங்கும்போது, அந்தச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டதா என்று இணையத்தில் பட்டியலைத் தேடும் வழக்கம் உண்டு. கணினி எழும் வேளையில் வைஃபை இன்னும் இணைந்திருக்காது. ஒரு முகவரிக்கு விண்டோஸ் இயல்பாகக் காத்திருப்பது 15 நொடி. பழைய டாட்நெட் பதிப்புகளில் எழுதிய சேவைகள் இணையம் இல்லாத சர்வர்களில் இதே 1053-உடன் விழுவது நன்கு அறியப்பட்ட விஷயம். படம் அழகாகப் பொருந்தியது. சோதிப்பதும் எளிது: வைஃபையை முற்றிலும் அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது, பிறகு கணினி எழும் முன்பே இணைப்பு தயாராக இருக்கும்படி கேபிள் செருகிப் பார்ப்பது. இரண்டிலும் சில முறை விழுந்தது, சில முறை எழுந்தது. காரணம் இணையம் அல்ல.

எஸ்எஸ்டியின்மேலும் ஒரு கண் இருந்தது. பழைய வன்தட்டில் இருந்ததை அப்படியே நகலெடுத்துப் புதிய வட்டில் போட்டபிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. நகலில் கோப்பு ஏதாவது கெட்டிருக்குமோ? வட்டின் ஆரோக்கிய அறிக்கை சுத்தம். விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி சோதனையும் சுத்தம். ஆனாலும் அந்தக் காலப் பொருத்தம் உறுத்திக்கொண்டே இருந்தது.

சேவையின் ‘ரெக்கவரி’ தாவலில் “தோல்வியுற்றால் மறுபடி தொடங்கு” என்று ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. பிறகு ஏன் அது செய்யவில்லை? அந்த ஏற்பாடு, ஓடிக்கொண்டிருக்கும் சேவை தகவல் சொல்லாமல் செத்தால்தான் வேலை செய்யும்; தொடக்கத்திலேயே கெடு தவறியதை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தாவலை மாற்றிப் பார்க்க நினைத்தாலும் முடியாது. விண்டோஸ் 8.1 முதல் வைரஸ் தடுப்புச் சேவைகள் பாதுகாக்கப்பட்ட செயல்முறைகளாக ஓட வழி இருக்கிறது; அப்படிப்பட்ட சேவையின் அமைப்பில் கை வைத்தால் நிர்வாகிக்கும் ‘ஆக்சஸ் டினைட்’ என்ற பதில்தான். எரிச்சலாக இருந்தாலும் நியாயம். நான் அணைக்க முடிந்தால் வைரஸும் அணைக்கும்.

குறைத்தால் கூடியது

பிறகு வழக்கமான கிளீன் பூட். சிஸ்டம் கான்ஃபிகரேஷன் கருவியில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு, மிச்சமுள்ள பிற நிறுவனச் சேவைகளை எல்லாம் அணைப்பது; வைரஸ் தடுப்பை மட்டும் விட்டுவைப்பது. மோதல் இருந்தால் இதில் பழுது மறைய வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எதைச் சேர்க்கும்போது வருகிறது என்று பிடிக்க வேண்டும். புத்தக முறை.

நடந்தது நேர்மாறு. மற்றவற்றை அணைத்ததும் சேவை ஒவ்வொரு முறையும் விழுந்தது. விதிவிலக்கே இல்லை. மற்றவற்றைத் திரும்ப இயக்கினால் மறுபடியும் சில நாள் ஆட்டம்.

இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த கட்டம் இதுதான். இரண்டு காரணம். ஒன்று, இப்போது பழுதை வரவழைக்கத் தெரிந்துவிட்டது. எந்த மாற்றத்தையும் ஒரே ரீஸ்டார்ட்டில் சோதிக்கலாம். இரண்டு, கணினியின் சுமை குறையக் குறையப் பழுது கூடுகிறது என்றால், சேவை தாமதமாவது சுமையால் அல்ல. வேறு ஏதோ நேரக்கணக்கு. சீக்கிரம் தொடங்கினால் மாட்டிக்கொள்கிறது. தாமதமாகத் தொடங்கினால் தப்பிக்கிறது. வட்டை மாற்றியபின் ஆரம்பித்ததற்கும் இதில் விடை ஒளிந்திருந்தது: எஸ்எஸ்டியில் எல்லாமே சீக்கிரம்.

கிளீன் பூட் சேவைகளை மட்டும்தான் அணைக்கிறது, கெர்னலோடு சேர்ந்து ஓடும் நிரல்களான டிரைவர்களைத் தொடுவதில்லை என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டேன். சேவைகள் அனைத்தும் ஒதுங்கியபிறகும் வழிமறிப்பது எதுவோ, அது டிரைவராகத்தான் இருக்க வேண்டும்.

தொடக்கத்தைப் படம்பிடித்தல்

ப்ராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவி சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கிறது. அதன் ‘ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் ‘எனேபிள் பூட் லாகிங்’ என்று ஒன்று உண்டு. அதைக் குறித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் எழும் முதல் கணங்களிலிருந்து நடக்கும் ஒவ்வொரு கோப்புத் திறப்பையும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) வாசிப்பையும் எழுதி வைக்கும். எழுந்தபிறகு கருவியைத் திறந்தால், பதிவைச் சேமிக்கவா என்று கேட்கும். கோப்பு பெரிதாக இருக்கும். வட்டில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு எடுப்பதே தொடக்கத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும் என்பதால், ஊசலாடும் நிலையில் இதை எடுத்திருந்தால் முடிவை நம்ப முடியாது. எப்போதும் விழும் கிளீன் பூட் நிலையில் எடுத்ததால் அந்தக் கவலை இல்லை. பதிவு ஓடும்போதும் சேவை விழுந்தது.

வைரஸ் தடுப்புச் சேவையின் நிரல் பெயரால் வடிகட்டி, ஒவ்வொரு செயலுக்கும் ஆன நேரத்தைக் காட்டும் ‘டியூரேஷன்’ நெடுவரிசையைச் சேர்த்தேன். அது இயல்பாகத் தெரியாது; நாமாகத்தான் சேர்க்க வேண்டும். பிறகு கீழே உருட்டிப் பார்த்தேன். விண்டோஸின் சொந்த டிஎல்எல்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்திருந்தன. வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் டிஎல்எல்களோ 1.00, 1.01, 1.00, 1.02 நொடி என்று வரிசையாக நின்றன.

எண்கள் பெரிதாக இருந்ததைவிட, அவை ஒரே மாதிரி இருந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வட்டு மெதுவாக இருந்தால் ஒரு கோப்புக்கு 0.2, இன்னொன்றுக்கு 1.7 என்று சிதறும். சிறிய கோப்பும் பெரிய கோப்பும் ஒரே நேரம் எடுக்காது. துல்லியமாக ஒரு நொடி என்றால் எவரோ ஒரு பதிலுக்காக ஒரு நொடி காத்திருந்து, பதில் வராமல், போனால் போகிறது என்று வழிவிடுகிறார்கள் என்று பொருள். கணினி எழத் தொடங்கி ஏறத்தாழ 60-ஆவது நொடியில் இந்தத் தடை தானாக மறைந்திருந்தது. அதன்பின் திறந்த கோப்புகளுக்கு எந்தத் தாமதமும் இல்லை.

இப்போது கணக்குப் போடலாம். இந்தச் சேவை பெயர் கொடுக்கும் முன் ஏற்றும் சொந்த டிஎல்எல்கள் 40 அளவில் இருந்தன. கிளீன் பூட்டில் அது 25-ஆவது நொடியில் தொடங்குகிறது. கோப்புக்கு ஒரு நொடி வீதம் 55-ஆவது நொடியில் 30 கோப்புதான் முடிந்திருக்கும். கெடு தீர்ந்து 7009. எல்லாச் சேவைகளும் இருக்கும் நாளில், வரிசையில் முன்னால் நிற்கும் பிற நிறுவனச் சேவைகளும் இதே தடையில் ஆளுக்குச் சில நொடி மாட்டிக்கொள்கின்றன. அதனால் நம்முடைய சேவையின் முறை 45-ஆவது நொடியில் வருகிறது. 15 கோப்புகளுக்குத்தான் காத்திருப்பு. 60-ஆவது நொடியில் தடை விலக, மிச்சம் சட்டென்று ஏறிவிடுகிறது. முன்னால் நிற்பவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் நாளுக்கு நாள் மாறியதால்தான் சில நாள் ஆட்டம். வன்தட்டுக் காலத்தில் இந்தச் சேவையின் முறை வரும்போது ஒரு நிமிடம் கடந்துவிட்டிருக்கும். யாரும் தடையைக் கண்டதே இல்லை.

‘டிலேய்டு ஸ்டார்ட்’ வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வதும் இங்கே புரிகிறது. தாமதத் தொடக்கம் என்பது இயல்பாக 120 நொடி கழித்து. தடை போன பிறகு வந்தால் பிரச்சினை தெரியாது. அந்த இரண்டு நிமிடம் கணினி காவலின்றி இருக்கும், அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ்பைப்டைம்அவுட் என்ற மதிப்பை வைத்து 30 நொடிக் கெடுவை நீட்டுவதும் இதே வகை வைத்தியம். அது ஒரு சேவைக்கான மாற்றமும் அல்ல; கணினியிலுள்ள எல்லாச் சேவைகளுக்கும் கெடு நீளும்.

வழிமறித்தது யார்?

ப்ராசஸ் மானிட்டரில் ஒரு நிகழ்வைத் திறந்து ‘ஸ்டாக்’ தாவலைப் பார்த்தால் டிரைவரின் பெயர் தெரியும் என்று எதிர்பார்ப்போம். தெரியவில்லை. காரணம் இருக்கிறது. விண்டோஸில் கோப்புக் கோரிக்கைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் மினிஃபில்டர் டிரைவர்களைக் கடந்துதான் கோப்பு முறைமையை அடைகின்றன. ஒவ்வொன்றுக்கும் ‘ஆல்டிட்யூட்’ என்று ஓர் எண். ப்ராசஸ் மானிட்டரின் டிரைவர் 385200 என்ற உயரத்தில் இருக்கிறது. வைரஸ் தடுப்பு வகையினருக்கு ஒதுக்கியது 320000 தொடங்கி 329998 வரை. மேலே இருப்பவர் கோரிக்கையைக் கீழே அனுப்பிவிட்டுப் பதிலுக்கு ஆன நேரத்தை அளக்க முடியும். ஆனால் அவர் பதிவு செய்யும் அடுக்கில் கீழே இருப்பவர்களின் பெயர் வராது.

அதற்கு வேறு வழி. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஃப்எல்டிஎம்சி (fltmc) என்ற கட்டளையைக் கொடுத்தால், ஏறியிருக்கும் மினிஃபில்டர்கள் அனைத்தும் உயர எண்ணோடு வரிசையாக வரும். வைரஸ் தடுப்புக்கான எண் பரப்பில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று இப்போதைய மென்பொருளுடையது. இன்னொன்றின் பெயரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. விண்டோஸின் டிரைவர்கள் கோப்புறையில் அதே பெயருள்ள கோப்பைத் தேடி, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்த்தேன். முன்பு எப்போதோ சோதனைக்காலப் பதிப்பாக நிறுவி, பிறகு நீக்கிவிட்ட வேறொரு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு. நிரல் போய்விட்டது, சேவை போய்விட்டது, நிறுவப்பட்டவற்றின் பட்டியலிலும் பெயர் இல்லை. டிரைவர் மட்டும் போகவில்லை. கணினி எழும் அந்த முதல் நிமிடத்தில், விண்டோஸுடையது அல்லாத புதிய கோப்பு ஒன்று திறக்கப்படும்போதெல்லாம், இல்லாத தன் சேவையிடம் “விடலாமா?” என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கிளையில் அதன் பெயருள்ள உட்கிளையில் ‘ஸ்டார்ட்’ மதிப்பு 0. அதாவது விண்டோஸ் எழும்போதே முதல் ஆளாக ஏற்றப்படும் டிரைவர்.

நீக்கியது

எடுத்த எடுப்பில் டிரைவர் கோப்பை அழிக்கக் கூடாது. சில டிரைவர்கள் வட்டு, விசைப்பலகை போன்ற சாதன வகைகளின் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ பட்டியல்களிலும் பெயர் பதித்திருக்கும். பட்டியலில் பெயரை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் எடுத்தால் அந்தச் சாதனம் வேலை செய்யாது. வட்டு என்றால் நீலத்திரைதான். ஆகவே முன்னேற்பாடுகள்: முக்கியக் கோப்புகளின் நகல், ரெஸ்டோர் பாயின்ட், மீட்பு யுஎஸ்பி. வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் அதன் மீட்பு எண்ணை வெளியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க அமைப்பை மாற்றினால் கேட்கக்கூடும். அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும் எழும் சேஃப் மோடில் பின் எண்ணை மட்டும் நம்பாமல் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

முதலில் அந்த ‘ஸ்டார்ட்’ மதிப்பை 4 ஆக்கினேன். அணைத்து வைத்தல் என்று பொருள். எதையும் அழிக்கவில்லை, வேண்டுமானால் மறுபடி 0 ஆக்கலாம். கிளீன் பூட் நிலையை அப்படியே வைத்துக்கொண்டு, அதாவது பழுது தவறாமல் வரும் நிலையில், ரீஸ்டார்ட். சேவை எழுந்தது. மறுபடி 0 ஆக்கி ரீஸ்டார்ட். விழுந்தது. மறுபடி 4. எழுந்தது. இந்தப் போய்வருதல் அலுப்பாகத் தோன்றலாம். ஆனால் தற்செயலையும் காரணத்தையும் பிரிப்பது இதுதான். ஒரு முறை சரியானதை வைத்து முடிவு கட்டும் பழக்கத்தால்தான், இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளில் பாதி யாருக்கும் வேலை செய்வதில்லை.

பிறகுதான் நிரந்தர நீக்கம். வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் மென்பொருளின் எச்சங்களைத் துடைக்கத் தனியாக ஒரு நீக்கல் கருவி வெளியிடுகின்றன. பழைய நிறுவனத்தின் கருவியை அவர்களுடைய தளத்திலிருந்தே எடுத்து, சேஃப் மோடில் ஓட்டினேன். அது டிரைவரையும் ரெஜிஸ்ட்ரி கிளையையும் சேர்த்து எடுத்துவிட்டது. இதுபோன்ற கருவிகளை மூன்றாம் நபர் பதிவிறக்கத் தளங்களில் எடுக்காதீர்கள்; வைரஸ் தடுப்பை நீக்கும் கருவி என்ற பெயரில் வைரஸ் வாங்க அதைவிட எளிய வழி இல்லை.

எஃப்எல்டிஎம்சி பட்டியலில் இப்போது வைரஸ் தடுப்புப் பரப்பில் ஒரே ஒரு பெயர். பூட் லாகிங்கை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு நொடி வரிசை மறைந்து, 40 கோப்புகளும் சேர்ந்தே ஒரு நொடிக்குள் ஏறியிருந்தன. கிளீன் பூட்டை விலக்கி எல்லாச் சேவைகளையும் திரும்ப இயக்கினேன். பச்சைச் சின்னத்தை மட்டும் நம்பாமல், உள்நுழைந்த உடனே ஈகார் சோதனைக் கோப்பையும் உருவாக்கிப் பார்த்தேன். வைரஸ் தடுப்புகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கவே உருவாக்கிய, தீங்கில்லாத 68 எழுத்துச் சரம் அது. நோட்பேடில் ஒட்டிச் சேமித்ததும் பிடுங்கிக்கொண்டது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைத் திரும்ப இயக்கவில்லை. எஸ்எஸ்டியில் அதனால் மிச்சமாகும் சில நொடிகளைவிட, ஒவ்வொரு நாளும் உண்மையாகவே புதிதாக எழும் கணினி எனக்குப் பிடித்திருக்கிறது. வன்தட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகாமல் போகலாம். ஈவென்ட் வியூவரில் 7000-ஆம் எண் நிகழ்வின்மேல் ரைட் கிளிக் செய்தால், அந்த நிகழ்வு வரும்போது ஒரு நிரலை ஓட்டும்படி பணி ஒன்றை இணைக்கலாம். அதையும் செய்து வைத்திருக்கிறேன். இனி எந்தச் சேவை தொடக்கத்தில் விழுந்தாலும் சின்னத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

உதவி மையத்துக்கு பூட் பதிவையும் எஃப்எல்டிஎம்சி பட்டியலையும் அனுப்பி வைத்தேன். இம்முறை வந்த பதில் வேறு ஒருவர் எழுதியது. படித்துப் பார்த்து எழுதியிருந்தார். நிறுவும்போது வேறு வைரஸ் தடுப்பு இருக்கிறதா என்று அவர்களுடைய நிரல் தேடுவது உண்டாம். ஆனால் நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலில்தான் தேடுமாம்; ஏறியிருக்கும் டிரைவர்களைப் பார்ப்பதில்லையாம். ஆகவே பழைய வைரஸ் தடுப்பை நீக்கிப் புதியதை நிறுவுகிறவர்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு ரீஸ்டார்ட் கொடுத்து, எஃப்எல்டிஎம்சி கட்டளையில் அந்த 320000 வரிசையை நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.